ரிவர்ஸ்டன் இறக்கத்தில் உறுமிய கலியாண வண்டி

வெள்ளிக்கிழமை மத்தியானம் வத்தளையிலிருந்து நானும் மனைவி ஜெயாவும் புறப்பட்டபோது என் வண்டியில் ஒரு சத்தமும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மறுநாள் பார்த்தவர்கள் எல்லாரும் "சர்வீஸ் பண்ணாமலா கொண்டு வந்தீங்க?" என்றுதான் கேட்டார்கள். பண்ணினேன் ஐயா, பண்ணினேன். ஒயில் மாற்றி, பிரேக் பார்த்து, ஸ்பேர் வீலுக்குக்கூடக் காற்று அடித்துத்தான் கொண்டு போனேன். பக்கத்துத் தெருவுக்குப் போவதென்றாலும் டயரை உதைத்துப் பார்த்துவிட்டு ஏறுகிற ஆள் நான். "உங்களோட வர்றத விட பஸ்ஸுல வந்தா ஒரு தூக்கமாவது போடலாம்" என்று ஜெயா சொல்வாள்.

இந்தத் தரம் பயப்படக் காரணமும் இருந்தது. என் தங்கை ரீட்டாவின் மகள் ஷாலினிக்குச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வஹகோட்டை அந்தோனியார் கோயிலில் கலியாணம். தகப்பன் இல்லாத பிள்ளை. அவளைக் கைபிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப்போய் மாப்பிள்ளையிடம் ஒப்படைக்க வேண்டிய தாய்மாமன் நான். பெண் போகிற வண்டியும் என் வண்டிதான். ரீட்டா இருப்பது ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் பாதையை ஒட்டிய ஒரு தேயிலைத் தோட்டத்தில். சில வருடங்களுக்கு முன்னால், மூடுபனி இறங்கிய ஒரு காலையில், அவள் புருஷன் செபஸ்டியன் ஓட்டிய வேன் அந்தப் பாதையில்தான் ஒரு வளைவில் கீழே போனது. அதற்குப் பிறகு ரீட்டா எந்த வண்டியில் ஏறினாலும் பின் சீட்டில்தான் உட்காருவாள். கண்ணை மூடிக்கொண்டு ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தால் இறங்குகிற வரைக்கும் நிறுத்த மாட்டாள்.

கண்டியைத் தாண்டி, அக்குறணைக் கடைத்தெருவின் நெரிசலில் நெளிந்து, மாத்தளைக்கு வர நாலு மணியாகிவிட்டது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பிளேன் டீயும் ரோல்ஸும். மாத்தளையிலிருந்து ரத்தோட்டை பன்னிரண்டு கிலோமீட்டர் வரும்; அதுவரை வீடுகளும் மிளகுக் கொடிகளும் கராம்பு மரங்களுமாகப் பாதை சாதாரணமாகத்தான் போகும். ரத்தோட்டையைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கும். ஒரு பக்கம் மண் திட்டு, மறுபக்கம் ஒன்றுமில்லை. எதிரே பஸ் வந்தால் யாராவது ஒருத்தர் பின்னால் எடுக்க வேண்டும்; எடுக்கிறவன் எப்போதும் நானாகத்தான் இருப்பேன். ரிவர்ஸ்டன் பார்க்கப் போகிறவர்கள் இந்த வழியில் பாட்டுப் போட்டுக்கொண்டு போகிறார்கள். ஜெபமாலை சொல்லும் ரீட்டாவைத் தவிர எங்கள் குடும்பத்தில் யாரும் அந்த வளைவில் வாய் திறப்பதில்லை. இப்போது அங்கே இடுப்பளவுக்குச் சுவர் கட்டி வெள்ளை அடித்திருக்கிறார்கள். ஜெயா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். நான் இரண்டாவது கியருக்கு மாற்றினேன்.

அன்று சாயங்காலம் ரீட்டாவின் லயத்து வீட்டு வாசலில் ஒரே கூட்டம். தோட்டத்து லாரி டிரைவர் குமார், ரீட்டாவின் பக்கத்து வீட்டுக்காரர், தானே முன்வந்து என் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். ரீட்டா கையில் ஒரு குருத்தோலைச் சிலுவையோடு வந்தாள். குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துக் கொடுப்பார்களே, அது. காய்ந்து மஞ்சளாகி, ஒரு சாண் நீளம் இருந்தது.

"அண்ணே, இத முன் கண்ணாடியில கட்டட்டுமா?"

"எனக்கு முன்னால ஒண்ணும் தொங்கப்புடாது ரீட்டா. வளைவு தெரியாது. டேஷ்போர்ட்லயும் வேணாம், பிரேக் அடிச்சா உருண்டு காலுக்கடியில போகும்."

அவள் சிலுவையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். நான் சாவியைக் குமாரிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

சனிக்கிழமை விடிந்தது. ஜெயாவும் மற்றச் சனங்களும் வேனில் ஏறி ஆறரைக்கே கீழே இறங்கிவிட்டார்கள். தோட்டத்தில் இனி வேறு வண்டி கிடையாது. லாரிகூடக் கொழுந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது. என் வண்டியின் பொனட்டில் வெள்ளை ரிப்பன் இழுத்துக் கட்டி, நடுவில் ரோசாவும் பன்னம் இலையும் வைத்து, அதன் மேல் பனி முத்து முத்தாக நின்றது. ஷாலினி வெள்ளைச் சேலையும் முக்காட்டு வலையுமாக வந்து பின் சீட்டில் உட்கார்ந்தாள், பக்கத்தில் ரீட்டா. ஏழே கால். வஹகோட்டைக்கு இரண்டு மணி நேரம் போதும். எங்களுக்குப் பின்னால் பதினொரு மணிக்கு இன்னொரு கலியாணம் இருப்பதால் பிந்தக் கூடாது என்று பங்குச் சாமி இரண்டு தரம் போனில் சொல்லியிருந்தார்.

தோட்டத்துப் பாதையிலிருந்து பெரிய ரோட்டுக்கு ஏற ஒரு சின்ன மேடு. அதில் எக்ஸலரேட்டரை மிதித்தேன்.

ஹூம்ம்ம்ம் என்று ஒரு உறுமல்.

காலை எடுத்தேன். நின்றுவிட்டது. மறுபடியும் மிதித்தேன். மறுபடியும் உறுமல், அதோடு பல்லுக்கிடையில் காற்றை இழுப்பது மாதிரி ஒரு சீறல். வரும்போது அடியில் கல் அடித்ததா? ஒயில் ஒழுகுகிறதா? எஞ்சின் போகப் போகிறதா? ஒரு நிமிடத்துக்குள் வண்டியை நான்கு தரம் மனதுக்குள் அடக்கம் செய்துவிட்டேன்.

"என்னா மாமா சத்தம்?" என்றாள் ஷாலினி.

"ஒண்ணுமில்லம்மா, குளிருக்கு அப்படித்தான்" என்றேன். குளிருக்கு எந்த வண்டி அப்படிக் கத்தும்? கண்ணாடியில் பார்த்தேன், ரீட்டா கண்ணை மூடி உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "அருள் நிறைந்த மரியே..."

"இறங்கி பொனட்டத் திறந்து பாக்கவா?"

"வேணாண்ணே!" ரீட்டா படக்கென்று கண்ணைத் திறந்தாள். "ரிப்பன் கழண்டுரும். போங்கண்ணே, மாதா பாத்துக்குவா."

இறக்கம் என்பதால் பெரும்பாலும் மிதிக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வளைவையும் கடந்து சின்ன ஏற்றம் வரும்போதெல்லாம் அது உறுமியது. பனி கண்ணாடியில் அப்பியது. முன்னால் பத்து அடி ரோடு, அதற்கப்பால் பால் மாதிரி வெள்ளை. போனில் சிக்னல் இல்லை. இங்கே நின்றால் யாரைக் கூப்பிடுவது? கலியாணச் சேலையோடு இந்தப் பிள்ளையைப் பஸ்ஸிலா ஏற்றுவது? பின்னால் ஜெபமாலை ஏறிக்கொண்டே போனது. உறுமல் கூடக் கூட ரீட்டாவின் குரலும் கூடியது.

"கொஞ்சம் வாய மூடிக்கிட்டு வா ரீட்டா! சத்தம் எங்கருந்து வருதுன்னு நான் கேக்க வேணாமா?"

அவள் நிறுத்திவிட்டாள். அடுத்த திருப்பத்தில் அந்த வெள்ளைச் சுவர் பனிக்குள்ளிருந்து வந்தது. ஜெபமும் இல்லை, பேச்சும் இல்லை. வண்டி மட்டும் கத்திக்கொண்டு அந்த வளைவைத் தாண்டியது. ஷாலினி தாயின் கையைப் பிடித்திருந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். அந்த இடத்தில் ரீட்டாவை வாய் மூடச் சொன்னேனே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் மன்னிப்புக் கேட்கவும் நேரம் அதுவல்ல.

ரத்தோட்டை டவுனுக்குள் நுழையும் இடத்தில், பாதையோரத்தில் ஒரு கராஜ். தகரக் கூரை. இறக்கி வைத்த இரண்டு ஆட்டோ எஞ்சின். வாசலில் டீக் கோப்பையோடு ஒரு தடித்த மனிதர். பலகையில் ரபீக் என்று எழுதியிருந்தது. எங்களைப் பார்த்ததும் அவர் சிரித்தார்.

"மாஷா அல்லாஹ், கலியாணத்துக்கு பேண்ட் வாத்தியம் வேணாம் போலயே! அரை மைலுக்கு அங்காலயே கேட்டிச்சி."

"நானா, பத்து மணிக்கு வஹகோட்டையில இருக்கணும். என்னான்னு கொஞ்சம் பாருங்க" என்றேன். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

"பெல்ட்டு. சந்தேகமே இல்ல, பெல்ட்டு. பொனட்டத் திறங்க."

ரிப்பன். நான் தயங்கி நின்றேன். கட்டியவர்கள் அரை மணி நேரம் கட்டியிருந்தார்கள். அதற்குள் ஷாலினி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி, ஊசிகளைப் பல்லில் கடித்தபடி ரிப்பனைக் கழற்றினாள். "ரிப்பன் என்னா மாமா, பொறகு கட்டிக்கலாம். வண்டி நின்னா என்னையக் கட்டுறதுக்குத்தான் ஆளில்ல" என்றாள். ரீட்டா மட்டும் வண்டியை விட்டு இறங்கவில்லை.

ரபீக் நானா பெல்ட்டை அழுத்திப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. "அப்ப சைலன்சரு" என்றார் அதே உறுதியோடு. கீழே குனிந்து பார்த்துவிட்டு, அதுவும் இல்லை என்று எழுந்தார். எட்டு மணி தாண்டிவிட்டது. எனக்கு வியர்த்தது, ரத்தோட்டைக் காலைக் குளிரில் வியர்த்தது.

"மிதிங்க சேர்."

மிதித்தேன். உறுமல். அவர் எஞ்சினுக்கு மேலே அங்கும் இங்கும் கையை வைத்துப் பார்த்தார். கறுப்புப் பெட்டி ஒன்றின் மூடி மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தியதும் சத்தம் சட்டென்று அடங்கியது. கையை எடுத்தார், உறுமியது. அழுத்தினார், அடங்கியது. உறுமும் நாயைத் தடவிக் கொடுப்பது மாதிரி இருந்தது.

"ஆ! கள்ளன் இங்க இருக்கான். எயார் ஃபில்டரு. மூடி ஏறியிருக்கு. ஆரு இதத் திறந்தது?"

"யாருமில்ல நானா. சர்வீஸ் பண்ணிட்டு நேத்து நூத்தம்பது கிலோமீட்டர் சத்தமில்லாமத்தான வந்தேன்!"

அவர் கொக்கிகளை நெம்பி மூடியைத் தூக்கினார். ஃபில்டர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு கோணலாகக் கிடந்தது. அதை எடுத்தவர் அப்படியே நின்றார். பிறகு கையைத் துணியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, பெட்டிக்குள்ளிருந்து பிளாஸ்டிக் சொப்பிங் பேக்கில் சுற்றிய ஒன்றை இரண்டு விரலால் மெதுவாக எடுத்தார். பேக்கின் ஒரு மூலை காற்றில் இழுபட்டுக் கிழிந்து போயிருந்தது. உள்ளே குருத்தோலைச் சிலுவை.

"இது உங்கட சாமி சாமான் போல" என்றார் மெதுவாக.

நான் வண்டிக்குள் திரும்பிப் பார்த்தேன். ரீட்டா தலையைக் குனிந்திருந்தாள்.

"நான்தாண்ணே லாரிக் குமார் தம்பிக்கிட்ட வைக்கச் சொன்னேன். சூடு படாத எடமா, கழண்டு விழாத எடமா வையின்னேன். அவரு பெட்டியத் திறந்து, இதான் பத்திரம்னாரு."

எனக்கு வந்த கோபம்! "ஒனக்குப் புத்தி இருக்கா? அந்தப் பேக்கு உள்ள போயிருந்தா வண்டி நடு ரோட்டுல நின்னுருக்கும்! பாதுகாப்புக்குன்னு வச்சிட்டு, புள்ளய நடுவழியில நிக்க வைக்கப் பாத்தியே! எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்னா?"

"சொன்னேனேண்ணே. நீங்க எங்கயும் வேணாம்னீங்க." அவள் குரல் உடைந்தது. "அவரு போன வேன்ல ஒண்ணுமே இருக்கலண்ணே. ஒரு மாதா சுருவம்கூட இல்ல. அன்னைக்கின்னு நான் வைக்க மறந்துட்டேன்."

இத்தனை வருடமாக இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஷாலினி குனிந்து தாயின் முகத்தை முந்தானையால் துடைத்தாள். முகத்தில் பூசிய பவுடர் எல்லாம் போய்விட்டது. ரபீக் நானா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஃபில்டரைத் தட்டித் தட்டித் தூசு எடுத்தார், தேவைக்கு அதிகமாகவே தட்டினார் என்று நினைக்கிறேன்.

"நானும் என்ட வண்டியில குர்ஆன் ஆயத் ஒட்டித்தான் வச்சிருக்கேன் தங்கச்சி" என்றார். "அதுல பிழையில்ல. ஆனா இது வண்டி மூச்சு எடுக்கிற எடம். இதுக்குள்ள பஞ்சக் கூட வைக்கப்படா. தூசு போச்சின்னா எஞ்சினு சரி, முடிஞ்சிச்சி."

ஃபில்டரை வைத்து, மூடியைப் போட்டு, கொக்கிகளை மாட்டினார். "இப்ப மிதிங்க."

ஹூம்ம்ம்ம்.

ரபீக் நானாவின் சிரிப்பு போய்விட்டது. கழற்றினார், பார்த்தார். இரவு முழுக்கக் கோணலாக நசுங்கிக் கிடந்ததில் ஃபில்டரின் ரப்பர் ஓரம் மடிந்திருந்தது. அதை விரலால் நீவி நீவி நேராக்கினார். மாட்டினார். உறுமல் குறைந்தது, சீறல் போகவில்லை. எட்டே முக்காலாகிவிட்டது. ஜெயா கோயிலிலிருந்து போன் எடுத்தாள்: "எங்கங்க இருக்கீங்க? மாப்பிள்ள வீட்டாளுங்க வந்துட்டாங்க." "வந்துக்கிட்டே இருக்கோம்" என்று பச்சைப் பொய் சொன்னேன்.

"பொறுங்க, பொறுங்க" என்றார் ரபீக் நானா. போனை வாங்கி அதன் டார்ச்சைப் பெட்டியின் பின்பக்கம் அடித்துப் பார்த்தார். "இந்தா இருக்கு! பின்னால ரெண்டு நாக்கு இருக்கு பாருங்க. அது மொதல்ல பெட்டி ஓட்டைக்குள்ள போகணும், பொறகுதான் முன்னால கொக்கி. லாரிக்காரன் லாரி மாதிரி மேலால அமத்தியிருக்கான். நானும் அவசரத்துல அதையேதான் செஞ்சிருக்கேன்." மூடியைச் சாய்த்துப் பின் நாக்குகளைச் செருகி, முன்னால் இறக்கி, கொக்கியைப் போட்டார். டக், டக் என்று கேட்டது.

மிதித்தேன். ஒன்றுமில்லை. எஞ்சின் ஓடுகிறதா என்பதே தெரியாத மாதிரி ஒரு மெல்லிய இரைச்சல். நேற்று வந்த என் வண்டி. எனக்கு அழுகை வந்துவிட்டது. ரபீக் நானா கூலியாக ஐந்நூறு ரூபா வாங்கிக்கொண்டார், ரிப்பனின் ஒரு நுனியைத் தானே பிடித்துக் கட்டிக் கொடுத்தார், கேக் கொண்டுவந்து தரச் சொன்னார். குருத்தோலைச் சிலுவை ஷாலினியின் மடியில் இருந்தது.

பிறகு ஓட்டினேன் பாருங்கள், என் வாழ்நாளில் அப்படி ஓட்டியதில்லை. மாத்தளை டவுனில் சந்தைக்கு வந்த லாரிகள் வழி மறித்தன. பலாபத்வெலையில் பெரிய ரோட்டை விட்டு இடப்பக்கம் திரும்பி மடிப்பொலப் பாதையில் விழுந்ததும் காற்றில் சூடு ஏறியது. தென்னை, வயல், வாழை. மேலே போர்வை கேட்கும் குளிர்; இங்கே அதே மாவட்டத்தில் முதுகு நனைகிறது. ரீட்டா ஜெபமாலையைக் கையில் வைத்திருந்தாள், ஆனால் சத்தமே இல்லாமல் சொன்னாள். "சத்தமாச் சொல்லு ரீட்டா" என்றேன். அவள் சொல்லவில்லை.

பத்து மணி தாண்டிப் பத்து நிமிடத்தில் வஹகோட்டைக் கோயில் வாசலில் நிறுத்தினேன். அந்தப் பழைய கோயிலைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருவார்கள். நான் அதன் முகப்பை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. படியில் நின்ற சாமி கடிகாரத்தைப் பார்த்தார், ரீட்டாவின் முகத்தைப் பார்த்தார், "பரவாயில்ல, வாங்க" என்றார். ஷாலினி என் கையைப் பிடித்தாள். அவள் பூச்செண்டுக்குள் குருத்தோலை நீட்டிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையிடம் அவள் கையைக் கொடுத்தபோது ரீட்டா விம்மியது கோயில் முழுக்கக் கேட்டது.

சாப்பாடு முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் புறப்படும்போது ரீட்டா பூச்செண்டிலிருந்து சிலுவையை எடுத்து மாப்பிள்ளையிடம் கொடுத்தாள்.

"தம்பி, வண்டிக்குள்ள எங்கயாச்சும் வச்சிக்குங்க." ஒரு கணம் யோசித்துவிட்டு, "எஞ்சினுக்குள்ள வேணாம்" என்றாள். ஷாலினி சிரித்த சிரிப்பில் மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை.

ஜெயா மாத்தளையில் தன் தங்கை வீட்டில் தங்கிவிட்டாள். வெளிச்சம் இருக்கும்போதே ரீட்டாவைக் கொண்டுபோய் விட வேண்டும் என்று நான் ஏற்றத்தைப் பிடித்தேன். வழியில் ரபீக் நானாவுக்குக் கேக் கொடுத்தோம். அங்கே இறங்கி ஏறும்போது ரீட்டா முன் கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குச் சீட் பெல்ட்டைப் போட்டுவிட்டேன்.

"சத்தமே இல்லையேண்ணே" என்றாள் கொஞ்ச தூரம் போனதும்.

"ஆமா. இப்ப சரி."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. வளைவு நெருங்கியது. என்ன சொல்வது, வேகத்தைக் குறைக்கவா, நிறுத்தவா என்று யோசித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். ரீட்டா தலையைக் கதவில் சாய்த்து, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஜெபமாலை மடியில் கிடந்தது. வெள்ளைச் சுவர் அவள் பக்கத்து ஜன்னலை உரசுகிற மாதிரி வந்து போனது. நான் ஹாரன்கூட அடிக்கவில்லை.

தோட்டத்துப் பாதையில் குலுக்கலில்தான் விழித்தாள். "எங்கண்ணே இருக்கோம்?"

"வந்துட்டோம்."

"வளைவு?"

"தாண்டியாச்சும்மா."

அவள் திரும்பிப் பின் கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தாள். பனி இறங்கியிருந்தது. "தூங்கிட்டேனேண்ணே!" என்றாள், ஏதோ பெரிய குற்றம் செய்துவிட்டவள் மாதிரி. பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். வண்டியை நிறுத்திவிட்டு அழ விட்டேன்.

ஞாயிறு காலை புறப்படும் முன் பொனட்டைத் திறந்து கொக்கிகளை ஒருதரம் தடவிப் பார்த்தேன். வாசலில் நின்ற ரீட்டா, "ஒண்ணும் வைக்கலண்ணே, சத்தியமா!" என்று கையை விரித்துக் காட்டினாள். குமார் தன் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

வத்தளையில் என் வண்டியின் சத்தம் எனக்குக் கேட்பதே இல்லை. பஸ்ஸும் ஹாரனும் அதை விழுங்கிவிடும். இங்கே இறக்கத்தில், பனிக்குள், நான் மட்டும் தனியாக. வண்டி ஒரு முனகல் இல்லாமல் போனது. அந்த அமைதிதான் எனக்குத் தாங்கவில்லை. வெள்ளைச் சுவர் தெரிந்ததும் இரண்டாவது கியருக்கு மாற்றி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ரீட்டாவின் ஜெபத்தை நான் நிறுத்தச் சொன்ன அந்த இடத்தில், "அருள் நிறைந்த மரியே" என்று தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டே வளைவைத் தாண்டினேன்.